நாலு அங்குலம் குறைத்து எழுதிய துண்டு

அளவு நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அக்காவின் கலியாணத்தில் நான் தோழி. என் சாறிச் சட்டை கொழும்பில் தைபடும் என்று முடிவாகியிருந்தது. கியூபெக்கில் எங்கள் கார்ட்டியர்வில் வீட்டுக் குசினியில், கொழும்புத் தையல்காரருக்கு அளவு சொல்ல அம்மா தொலைபேசி அட்டையைச் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடா நாற்பத்திரண்டு என்றது. நான் துண்டுக் கடதாசியில் முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கிழமைதான் கலியாணம். பத்துக் கிழமை இருந்தது. பத்துக் கிழமையில் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள்.

மெட்ரோ வாசலில் சூட்டு யோகா வகுப்பு என்று விளம்பரம் ஒட்டியிருந்தது. நாற்பது பாகை சூட்டில் ஒன்றரை மணிநேரம். சேருவதற்கு முன்னமே நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வாசித்து முடித்தேன். தத்துவம் முழுக்கத் தெரிந்திருந்தது. குனியத்தான் தெரியவில்லை.

“யோகாவோ? பங்குச் சுவாமியிட்டக் கேட்டனியே?” என்றார் அம்மா.

“தவக்காலத்தில செய்யிற ஒறுத்தல் மாதிரித்தானம்மா.”

“அப்ப சரி. ஆனா வெறும் வயித்தோட வெளிக்கிடாத.”

எங்கள் வீட்டில் வெறும் வயிற்றோடு எவரும் படி தாண்டியதில்லை. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு முதல் வகுப்புக்குப் போனேன்.

பயிற்சி கொடுத்தவள் கம்பி போல மெலிந்த ஒரு கியூபெக்காரி. என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. ஆசனங்களின் பெயர்களை நான் அழகாக உச்சரிப்பதாகச் சொல்லி, மற்றவர்கள் பார்த்துச் செய்யட்டும் என்று முன்வரிசையில் விட்டாள். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை, அந்தப் பெயர்களைப் போன கிழமைதான் புத்தகத்தில் பார்த்தேன் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்த எனக்கு மூச்சு இருக்கவில்லை.

மூன்றாவது ஆசனத்தில் புட்டு தொண்டைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாயில் இருந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் என்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு இருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அவர்களுக்காக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வெளியே குளிரில் ஈரத் தலைமயிர் விறைத்துக் குச்சியாகியது. வீட்டுக்கு வந்தால் அம்மா, “பிள்ளை, நல்லா வாடிப்போனாய்” என்று இரண்டாம் தடவையும் புட்டுப் போட்டார். கிழமைக்கு மூன்று நாள் இப்படியே போனது. எட்டுக் கிழமை முடிய நாடா நாற்பத்தொன்று என்றது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையில், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் சட்டை வந்து சேர்ந்தது. அறைக்கதவைப் பூட்டிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போட்டேன். எல்லாக் கொளுக்கியும் பூட்டுப்பட்டன. மூச்சை விட்டேன். அப்போதும் கழலவில்லை. இன்னும் சொன்னால், சட்டை கொஞ்சம் தொளதொளவென்று நின்றது. நாடா பொய் சொல்கிறது, யோகா உண்மை என்று ஒரு நிமிடம் முழுமையாக நம்பினேன்.

கதவைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். “முப்பத்தெட்டு அம்மா. அதுவும் பெரிசாக் கிடக்கு.”

“முப்பத்தெட்டோ? நீ தந்த துண்டை அப்பிடியே வாசிக்க எனக்கென்ன விசரே? நாடாவை நானும் பாத்தனான். நாப்பத்திரண்டு எண்டுதான் சொன்னனான். பிரிச்சு விட உள்ளுக்கு ரெண்டு தையலும் விடச் சொன்னனான்.”

அம்மா சட்டையின் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“ஓம், ஒரு அங்குலம் கூடத்தான். கழட்டித் தா, பிடிச்சுத் தைப்பம்.”

என் உடுப்புகளில் பிரித்துவிட்டவைதான் உண்டு; பிடித்துத் தைத்தது அதுவே முதல். அம்மா ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமையும் சொச்சமும் இருந்தது. அடுத்த நாள் வகுப்பு. புட்டை வகுப்பு முடிந்து வந்த பிறகு சாப்பிடட்டுமா என்று காலையில் அம்மாவிடம் கேட்டுப் பார்ப்பதாக முடிவெடுத்தேன்.