டொலறஸ் அக்கா வாய் திறக்காத வியாழன்

டொலறஸ் அக்கா டொஃபி ஒன்றை வாய்க்குள் போட்டுவிட்டாள் என்றால், அவளுடைய கதையை யாரோ வாசிக்கப் போகிறார்கள் என்று பொருள். லண்டன் ஹாக்னியில் ஒரு நூலகத்தின் மாடியறையில் வியாழன்தோறும் கூடுகிற கறுப்பு எழுத்தாளர் பட்டறையில் சட்டம் அப்படி: எழுதியவர் வாசிக்கக்கூடாது, பக்கத்துக் கதிரைக்காரர்தான் வாசிப்பார். எல்லோரும் குறைநிறை சொல்லி முடியும்வரை எழுதியவர் மூச்சுக் காட்டக்கூடாது. இல்ஃபோர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ் கண்டக்டருக்கே புத்தி சொல்கிற வாய் அது. பல்லில் ஒட்டுகிற டொஃபி இல்லாமல் அடங்காது.

பகலில் ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், தன்னுடைய லோண்டரி ஆங்கிலத்தில், கதை எழுதுகிறாள். போன வருடம், 1986இல், முதல்நாள் வாசலிலேயே நின்று "நானும் கறுப்போ?" என்று கேட்டவள். பட்டறையை நடத்தும் கயானாக்காரி வினிஃப்ரெட்டின் பதிலை அக்கா சொல்லிக் கேட்கவேண்டும்: "உனக்கு வாடகைக்கு வீடு இல்லையெண்டு ஆரும் கதவைச் சாத்தினவையோ எண்டு மனுசி கேட்டா. ஓம் எண்டன். அப்ப கதிரையை இழுத்துப் போடு எண்டா." அன்றிலிருந்து கதிரைகளை வட்டமாகப் போடுவது அக்காதான். எவராவது பின்னால் ஒதுங்கினால் ஆளோடு சேர்த்து இழுத்துவிடுவாள்.

போன வியாழன், பட்டறையின் முதல் புத்தகத்துக்குக் கதை தெரிவுசெய்யும் நாள். அக்காவின் கதையை, அவளோடு லோண்டரியில் வேலைசெய்யும் சிவானந்தன் வாசித்தான். மன்னாரில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போன தம்பி, கடைசி நான்கு வரிகளில் இல்ஃபோர்ட் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பசிக்கிறது என்கிறான்.

முடிவு நம்பும்படி இல்லை என்றார்கள் நாலைந்து பேர். வினிஃப்ரெட் அந்த நான்கு வரியையும் பென்சிலால் வெட்டினாள். அது அக்காவின் சொந்தத் தம்பி, இன்னும் வராத தம்பி என்பது அங்கே சிவானந்தனுக்கு மட்டும்தான் தெரியும்.

"உண்மையைச் சொல்லட்டோ அக்கா?" என்றான் காதோடு.

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

"அப்ப நீங்களாவது சொல்லுங்கோ. கண்டக்டரிட்டை மட்டும்தானோ உங்கடை வாய்?"

எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். இனி எழுதியவர் பேசலாம் என்று வினிஃப்ரெட் தாளை நீட்டினாள். அக்கா டொஃபியை விழுங்கினாள்.

"அவன் வாறது வாறதுதான்," என்றாள், தமிழில்.

பிறகு சிவானந்தனின் சட்டைப்பையிலிருந்து அழிறப்பரை எடுத்து, தாள் கிழியாமல் இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பென்சில் கோட்டை ஒரு நுனியிலிருந்து அழிக்கத் தொடங்கினாள்.