முடி கிளினிக்கில் ஒரு வழுக்கைத் தலை

முடி வளர்க்கும் இடத்தில் வழுக்கைத் தலையோடு வேலை பார்ப்பதைவிடக் கூச்சமான உத்தியோகம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதை வாசிக்கும்போதே கை உச்சந்தலைக்குப் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தென்காசியில் ஒரு தோல், முடி கிளினிக்கில் உதவியாளாக இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. நர்ஸ் எடுத்துத் தரும் ரத்தக் குழாயில் பெயர் ஒட்டி, சுற்றும் மெஷினில் வைப்பேன். சுற்றி முடிந்ததும் சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். அதில் வேண்டியதை எடுத்து டாக்டரம்மா அவரவர் தலையிலோ முகத்திலோ ஊசியால் ஏற்றுவார். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. பெயரை இரண்டு தடவை உரக்கப் படிக்காமல் குழாயைக் கைமாற்ற மாட்டேன்.

திரும்பிப் போனவர்

சேர்ந்த புதிதில், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்தார். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் முடி மெலிந்துவிட்டதே என்று கவலை. உட்காரச் சொன்ன என் தலையை ஒரு பார்வை பார்த்தவர், கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கே இங்கன முளைக்கலை. எனக்கு எங்கன முளைக்கப் போவுது?"

எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்

இன்னும் நாலு பேர் இப்படித் திரும்பினால் என் வேலை போய்விடும் என்று பயந்து, அன்று சாயங்காலமே ஒரு தொப்பி வாங்கினேன். அதன்பின் தலை நிமிர்ந்து வேலை பார்த்தேன்.

மெஷினில் ஒரு பக்கம் ரத்தக் குழாய் வைத்தால், எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும். இல்லையென்றால் மேசையே ஆடும். நான் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்ப்பதை, கன்னத்துப் பருத் தழும்புக்காக வந்திருந்த ஜவுளிக்கடை அக்கா கண்கொட்டாமல் பார்த்தார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி, அந்தத் தண்ணியை மட்டும் என் ரத்தத்துல கலந்துராதீய. பால்காரர்கிட்ட ஏமாறுதது போதும்."

நனையாத தலை

சுந்தரபாண்டியபுரத்துக்காரர், ராணுவத்தில் இருப்பவர், லீவில் வந்து தலையில் ஊசி போட்டுக்கொண்டார். அன்று முழுக்கத் தலையில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அருவியில் தண்ணீர் கொட்டும் சீசன் நேரம். வாசலில் கூட்டாளிகள் குற்றாலத்துக்கு வேன் பிடித்து வைத்துக் காத்திருந்தார்கள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் வந்தவரிடம், அருவிக்குப் போனீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"போகாம இருப்பனா? பார்டர்ல நிக்கது லேசு அண்ணாச்சி. தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு அருவியில நிக்கதுதான் பெரும்பாடு!"

காற்று

அதே சீசனில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டில் காற்று என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. துரத்தினால் வேலைக்குத் தாமதமாகும். வெறுந்தலையோடு கிளினிக்குக்குப் போனால், முதல் ஆளாக அந்தத் தக்காளி மண்டித் தம்பி உட்கார்ந்திருக்கிறார். மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் விடவில்லை.

"நீங்க ஏன் அண்ணாச்சி இந்த ஊசி போட்டுக்கிடலை?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "டாக்டரம்மா லென்ஸ் வச்சுப் பார்த்தாங்க தம்பி. வேரே இல்லை, ஊசி வீண்னு சொல்லிட்டாங்க" என்றேன். இந்த ஆளும் போயிற்று, என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் உள்ளே போனார். அவருக்கு வேர் உயிரோடு இருக்கிறது, ஓரளவு பலன் கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தம்பி வெளியே வந்து சட்டைக் கையை மடக்கினார்.

"வேற ஒரு இடத்துல எங்க மாமா மொட்டைத் தலைக்குக்கூட முளைக்கும்னு சொன்னாவ, நம்ப முடியாமத்தான் திரும்ப இங்கன வந்தேன். இங்கன உங்களுக்கே முளைக்காதுன்னுட்டாவ. அன்னைக்கு உங்க தலையைப் பார்த்து ஓடுனேன், இன்னைக்கு அதே தலையைப் பார்த்துக் கையை நீட்டுதேன்."

அதன்பின் நான் தொப்பி வாங்கவில்லை, ஆனால் சீசன் காற்றில் மண்டை குளிரத்தான் செய்கிறது.