அஞ்சாவதோட தேயாத ஷூ

"எட்டு வருஷமாச்சுப்பா, இந்த ஷூவுல ஒரு முள்ளுகூடத் தேயல."

ஓடுற ஷூவோட அடியில இருக்கிற முள்ளத்தான் சொல்றா. இத அவ எத்தன தடவ சொல்லியிருப்பான்னு பாத்தா, இந்நேரம் நாக்குல பாதி தேஞ்சிருக்கணும். பஸ்ல ஏறினா சொல்லுவா, இறங்கினா சொல்லுவா. கால் பிடிச்சுவிடுற டாக்டரம்மாகிட்ட சொல்லுவா. அந்தம்மா பாவம், இவ வாயத் திறக்கும்போதே "முள்ளுதான?"ன்னு கேட்டுட்டு வேற பக்கம் திரும்பிக்கும்.

ரிலே டீம்னா ஓடுறது நாலு பேரு. ஆளுக்கு நூறு மீட்டர், கையில இருக்கிற பேட்டன்ங்கற குச்சிய அடுத்தவ கையில குடுக்கணும், அவ்வளவுதான். ஆனா கூட்டிட்டுப் போறது அஞ்சு பேர. நாலுல ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா, கால் பிசகினா, இறக்கி விடறதுக்கு ஒரு ஆள் வேணுமே. அந்த ஆள்தான் இவ. எட்டு வருஷத்துல யாருக்கும் காய்ச்சல் வரல, காலும் பிசகல. அப்பா அம்மா வெச்ச பேரு பாஸ்போர்ட்டுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. மத்த எல்லாருக்கும் இவ 'அஞ்சாவது'.

மின்சார ஆபீஸ்ல புகார் கவுன்ட்டர்ல வேல. ஓட்டக்காரிங்கறதுக்காக விளையாட்டுக் கோட்டாவுல குடுத்த வேலதான். ஒரு கண்ணாடித் தடுப்பு, ரெண்டு போன், முதுகு சாஞ்ச நாற்காலி. "கரண்ட் போயி நாலு மணி நேரமாச்சு, செத்துட்டீங்களா எல்லாரும்?"னு ஒருத்தர் கத்துவாரு. இவ குரல் ஒரு நூல்கூட ஏறாது. "புகார் பதிவாயிடுச்சுங்க. நம்பர் எழுதிக்குங்க. நம்பர் இல்லாம வந்தீங்கன்னா நீங்க சொன்னதா கணக்கே இல்ல." பகல் பூரா ஊர் புகார வாங்கிட்டு, சாயங்காலம் மைதானத்துல வந்து தன் புகார இறக்கி வைப்பா. அங்க நம்பர் எழுதிக்கத்தான் ஆள் இல்ல.

வீட்ல மாமியாருக்கு இவ ஓடாம நிக்குறதே போதும், கிண்டல் ஒரு வாரத்துக்கு ஓடும். டிவில போட்டி நடந்தா பேத்தி கேக்கும், அம்மா எங்கன்னு. மாமியார் எந்திரிச்சுப் போயி திரையோட ஓரத்துல விரல வெப்பாங்க. "அந்தா, தண்ணி பாட்டில் வெச்சுக்கிட்டு நிக்குறா பாரு, அதான் உங்கம்மா. ஏரோப்ளேன்ல போயி பெஞ்சத் தேச்சுட்டு வருவா." புருஷன் லிஃப்ட் மெக்கானிக்கு, ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குறது எப்படின்னு அவனுக்கு நல்லாத் தெரியும். வாயே திறக்க மாட்டான்.

அந்த ஷூவுக்கு ஒரு சிவப்பு டப்பா. முதல் தடவ டீம்ல பேர் வந்தப்ப குடுத்தது. போட்டியில ஓடற அன்னைக்குத்தான் இதுல கால விடுவேன்னு வீம்பா ஒரு சபதம் போட்டா. ப்ராக்டிஸுக்கெல்லாம் கேப்டன் போட்டுக் கழிச்ச பழைய ஷூதான், ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. சிவப்பு டப்பா மட்டும் எட்டு வருஷமா நாடு நாடாச் சுத்துச்சு. "போடாம வெச்சா எந்த ஷூவும் ஒரு நா பல்லக் காட்டும்டி"ன்னு மாமியார் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க.

அந்த வருஷம் உலகப் போட்டி. தங்க வெச்ச இடம் எட்டாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல், ரெண்டு கட்டில். ஒண்ணுல அஞ்சாவது, ஒண்ணுல கேப்டன். கேப்டனுக்கு முப்பத்துமூணு வயசு. ரெண்டாவதா ஓடுறவ, நேர் தடத்துல. குரல் சொரசொரன்னு இருக்கும். டீமே அவ பேச்சுக்குத்தான் நடக்கும். எட்டு வருஷமா இவளும் அவளும் ஒரே ரூம்தான், அதனால கேப்டன் தூங்குறது, குளிக்கறது, பல்லு விளக்குறது எல்லாம் இவளுக்கு மனப்பாடம். கேப்டன் சாக்ஸ் போடுறது கொக்கு மாதிரி. ஒத்தக் கால்ல நின்னு, இன்னொரு கால மடக்கி, சுவத்தத் தொடாமப் போடுவா.

தகுதிச் சுத்து அன்னைக்குக் காலையில, கேப்டன் உக்காந்து சாக்ஸ் போட்டா.

அஞ்சாவது வாயில பிரஷ்ஷோட பாத்ரூம் வாசல்ல நின்னா. ராத்திரி பூரா ரூம்ல ஒரு தைல வாசம் இருந்துச்சே, அது எங்கேர்ந்து வருதுன்னு இப்பப் புரிஞ்சுது. முந்தின நா கேப்டன் படியில இறங்குனப்ப கேட்ட சத்தமும் ஞாபகம் வந்துச்சு. இடது கால் டப்புன்னு விழுந்துச்சு, வலது கால் பூனை மாதிரி. அப்பக் காதுல விழுந்தது, மனசுல இப்பத்தான் விழுந்துச்சு.

"என்னக்கா, கொக்கு இன்னைக்கு உக்காந்துருச்சு?"

கேப்டன் நிமிரவே இல்ல. எட்டு வருஷமா உன் கண்ணு என் கால்லயேதான்டி இருக்குன்னா. அப்புறம் அவளே சொன்னா. போன வாரம் பின்தொடையில சுருக்குன்னுச்சாம். மாத்திரை போட்டா வலி தெரியலையாம். இதுதான் கடைசிப் போட்டி, இது முடிஞ்சதும் நானே ஷூவக் கழட்டி வெச்சுடறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னா. கேக்குற மாதிரி ஆரம்பிச்சு மிரட்டுற மாதிரி முடிச்சா. அஞ்சாவது சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. வாயில நுரை இருந்துச்சு, அது சௌகரியமாப் போச்சு.

ஓடுற நாலு பேர் யாருன்னு எழுதிக் குடுக்கப் பத்து மணி வரைக்கும் நேரம். மணி ஏழரை. இவ குளிக்கப் போயி தண்ணியத் திறந்துவிட்டு சும்மா நின்னா. சொல்லாம விட்டா, கேப்டன் ஓடுவா, கால் நடுவுல போகும், எல்லாரும் வெளிய. சொன்னா, இடம் இவளுக்கு வரும். அதுதான் இடிச்சுது. மனசுல ஒரு மூலையில குட்டிப் பிசாசு ஒண்ணு உக்காந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருந்துச்சு. அத இவ பாத்துட்டா. பாத்தப்புறம், நான் டீமுக்காகச் சொல்றேனா எனக்காகச் சொல்றேனான்னு அவளுக்கே பிடிபடல.

இருந்தும் சொன்னா. சாப்பாட்டு ஹால்ல, பயிற்சி குடுக்குற மாஸ்டர் முட்டைய உரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு எதச் சொன்னாலும் கடைசில ஒரு 'புரியுதா' போடுவாரு, ஆணி அடிக்கற மாதிரி. இவ சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா உரிச்சாரு.

"வந்துட்டியா? என்னடா இன்னும் காணோமேன்னு பாத்தேன். எட்டு வருஷமா இதே பாட்டு, இந்தத் தடவ ராகம் மட்டும் மாத்தியிருக்க. புரியுதா?"

கடைசியா ஓடுறவ பக்கத்து டேபிள்ல இருந்து, வயித்தெரிச்சலுக்கு டாக்டரம்மாகிட்ட மாத்திரை இருக்கும், கேளுங்க மாஸ்டர்னா. எல்லாரும் சிரிச்சாங்க. இருந்தாலும் மாஸ்டர் கேப்டனக் கூப்பிட்டு, வலது கால்ல பத்து தடவ குதிக்கச் சொன்னாரு. கேப்டன் குதிச்சா. சிரிச்சுக்கிட்டே குதிச்சா. பத்தாவதுக்கு அவ உதட்டோரம் மட்டும் சுண்ணாம்பா வெளுத்துச்சு. அத இவ ஒருத்திதான் பாத்தா. மாஸ்டர் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாரு.

கேப்டன் போற போக்குல இவ காதுகிட்டக் குனிஞ்சா. "என் காலுக்கு ஏதாவது ஆச்சுன்னு வையி, அது உன் வாயாலதான்."

அதுக்கப்புறம் இவளுக்கு எதப் பாத்தாலும் நல்ல சகுனமாத் தெரியல. ஸ்டேடியத்துக்குப் போற பஸ்ல ஏசி வேல செய்யல. பேட்டன் வெச்ச பையி சீட்லேர்ந்து தானா உருண்டு கேப்டன் கால்கிட்டப் போயி நின்னுச்சு. யாரும் எடுக்கல. கடைசில இவதான் குனிஞ்சு எடுத்தா.

இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி இருந்துச்சு. மூணாவதா ஓடுறது 'சின்னது', பத்தொம்பது வயசு. கேப்டன்கிட்டேர்ந்து பேட்டன் வாங்குறது அதுதான். வாங்குறவ என்ன பண்ணுவான்னா, தான் நிக்குற இடத்துலேர்ந்து பின்னால அடிமேல அடி வெச்சு அளந்து தரையில ஒரு டேப் ஒட்டுவா. வர்றவ அந்த டேப்பத் தொட்டதும் வாங்குறவ திரும்பிப் பாக்காம ஓட ஆரம்பிக்கணும். கேப்டன் வர்ற வேகத்துக்கு சின்னதோட அளவு இருபத்தாறு அடி. கேப்டன் வேகம் குறஞ்சா, சின்னது முன்னால பறந்துடும், கேப்டன் பேட்டன நீட்டிக்கிட்டே பின்னாடி நிப்பா. கைமாத்துற எல்லையத் தாண்டிட்டா ஆட்டம் குளோஸ்.

வார்ம்-அப் தடத்துல சின்னதோட லேஸ இழுத்துக் கட்டுற சாக்குல அஞ்சாவது குனிஞ்சா. "இருபத்தாறு வேணாம். இருபத்துமூணு அளந்து ஒட்டு, அவங்க இன்னும் கிட்ட வந்ததும் கிளம்பு."

"கேப்டனக்கா என்னக் கொன்னுடுவாங்க."

"முதல்ல அவங்க உன்கிட்ட வந்து சேரட்டும்டி. அப்புறம் கொல்லட்டும்."

சின்னதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நீங்க சொல்றது பொய்யா இருந்தா என்னக்கா ஆகும்னு கேட்டுச்சு. இவ மறைக்கல. கேப்டன் நல்ல வேகத்துல வந்தா உன் முதுகு மேலயே ஏறுவாங்க, ரெண்டு பேரும் உருளுவீங்க, அந்தப் பழி என் தலையிலன்னா. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. சின்னது சரின்னு சொல்லாமயே ஓடிப் போச்சு.

கேலரியில இவளுக்குக் கிடைச்ச இடம் சின்னது நிக்குற வளைவுக்கு நேர் மேல. கீழ சின்னது அளக்க ஆரம்பிச்சுது. குதிகால நுனிக்கால்ல ஒட்டி, ஒண்ணு, ரெண்டு. இவ மேலேர்ந்து கூடவே எண்ணுனா. இருபத்துமூணு. சின்னது நிக்கல. இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு. குனிஞ்சு டேப்ப ஒட்டிருச்சு. சின்னது நிமிந்து தூரத்துல நின்ன கேப்டனப் பாத்துச்சு. அப்புறம் மெதுவா மேல கேலரியப் பாத்துச்சு. மறுபடி குனிஞ்சு, டேப்ப உரிச்சு, மூணு அடி தன் பக்கமா நகத்தி ஒட்டுச்சு.

வெடிச் சத்தம். முதல் கைமாத்து பட்டு மாதிரி. கேப்டன் கிளம்புனா. அம்பது மீட்டர் வரைக்கும் அப்படி ஒரு ஓட்டம். கால் நல்லாத்தான் இருக்கு, நான்தான் பைத்தியக்காரி, இப்ப ரெண்டு பேரும் உருளப் போறாங்கன்னு எந்திரிச்சு நின்னுட்டா. எழுபது. எண்பது. எண்பதாவது மீட்டர்ல கேப்டனோட வலது கால் தரையத் தொட்டது, தொட்ட மாதிரியே இல்ல. பட்டம் அறுந்த மாதிரி ஒரு பக்கமா இழுத்துச்சு. நொண்டிக்கிட்டே டேப்பத் தாண்டுனா, சின்னது கிளம்பிருச்சு, நடுவுல இடைவெளி பெருசாயிக்கிட்டே போச்சு. எல்லைக் கோட்டுக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது கேப்டன் முன்னால விழுந்தா. விழுந்துக்கிட்டே பேட்டன நீட்டுனா. சின்னது கையில அது பட்டுச்சு.

அந்த மூணு அடி குறைக்கலன்னா பட்டிருக்காது.

வந்தது அஞ்சாவது இடம். அதோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் பையக் கட்டுனாங்க. ஆனா தகுதிச் சுத்தோட ரெண்டாவது பிரிவுல ரெண்டு டீம் பேட்டனக் கீழ போட்டுச்சு, நேரக் கணக்குல இவங்க எட்டாவது ஆளா ஃபைனலுக்குள்ள ஒட்டிக்கிட்டாங்க. கேப்டனுக்குத் தசை கிழிஞ்சிருக்கு, மூணு மாசம் ஊனுகோல்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப ஃபைனல்ல ரெண்டாவதா ஓடப் போறது யாருன்னு யாரும் வாய் திறந்து சொல்லல. எல்லாரும் இவளப் பாத்தாங்க. பாத்த பார்வையில ஒரு சொட்டு ஈரமில்ல. கடைசியா ஓடுறவ மட்டும், கருநாக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் பக்கத்துல பாக்குறேன்னா. சின்னதுக்கு எல்லாம் தெரியும். அது தரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மாஸ்டர், இவ்வளவு தெரிஞ்சவ இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டாரு. 'புரியுதா' போடல. இவ பழக்கதோஷத்துல கவுன்ட்டர் குரல்ல, நம்பர் எழுதிக்கிட்டீங்களா மாஸ்டர்னு மட்டும் கேட்டா.

வீட்டுக்குப் போன் போட்டா. பெஞ்சு, தண்ணி பாட்டில்னு மாமியார் கலாய்ப்பாங்கன்னு பாத்தா, அந்தப் பக்கம் டிவியக் குறைச்சுட்டு வந்தாங்க. "கேட்டது கெடைக்காத வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லடி. கெடைக்கும்போதுதான் பயப்படணும். பாத்து ஓடு"ன்னுட்டு வெச்சுட்டாங்க.

மறுநா சாயங்காலம் வார்ம்-அப் தடத்துல சிவப்பு டப்பாவத் திறந்தா. சபதம்னா சபதம், வேற ஷூ கொண்டு வரல. லேஸ இழுத்துக் கட்டி நாலு தப்படி ஓடுனா. அஞ்சாவது தப்படியில சரக்குன்னு ஒரு சத்தம். எட்டு வருஷமாக் காஞ்ச பசை மொத்தமா விட்டு, அடி தனியா, மேல் தனியா, ஷூ பல்லக் காட்டிச்சு. ஒரு முள்ளுகூடத் தேயல, எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. பேர் கூப்பிட இருபது நிமிஷம். ரூமுக்குப் போயிட்டு வர ஒரு மணி நேரம். சின்னது ஓடி வந்து, அக்கா, உங்களுக்கு எத்தன அடி அளக்கட்டும்னு கேட்டுச்சு. கேட்டதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது. இவகூட ஓடிப் பழகுனது மாசத்துக்கு ஒரு தடவ, அதுவும் ஒப்புக்கு. இவளுக்கு எத்தன அடின்னு யாரும் சரியா அளந்ததே இல்ல.

அப்ப ஊனுகோல் சத்தம் கேட்டுச்சு. கேப்டன். ஓரத்து பெஞ்சுலேர்ந்து ஷூ பிஞ்சதப் பாத்துட்டு வந்திருக்கா, தோள்ல அவளோட ஷூ பையி. முகம் பூரா வலி, வலிய விடக் கோவம். பையக் கழட்டி இவ காலடியில போட்டா.

"இடத்த எடுத்துக்கிட்ட, ஷூவ மட்டும் ஏன் விடணும்? எட்டு வருஷமாக் கேட்டுக் கேட்டு வாங்கிட்டல்ல. இப்ப நிம்மதியா?"

தடத்துல எல்லாரும் நின்னுட்டாங்க. அஞ்சாவது பிஞ்ச ஷூவக் கழட்டி ஓரமா வெச்சா. ஒத்தக் கால்ல நின்னு, எதையும் பிடிக்காம, கேப்டனோட ஷூவுக்குள்ள ஒரு கால விட்டா. சின்னதப் பாத்து இருபத்தாறே அளன்னா. அப்புறம் கேப்டன் பக்கம் திரும்புனா.

"நான் கேட்டது என் ஷூ தேயணும்னுதான்க்கா, உங்க கால் தேயணும்னு ஒரு நாளும் கேக்கல. நம்பலன்னா போங்க, அதயும் புகாரா எழுதிக்கறேன். ஆனா இந்த ஷூவத் தேயாமத் திருப்பித் தருவேன்னு மட்டும் நெனைக்காதீங்க."