சாப்பாட்டு மேசையில் ஒரு பரீட்சை

எனக்குப் பதினாறு வயது முடிந்த ஆண்டில் எங்கள் வீட்டில் ஒரு கம்பியூட்டருக்காகப் பெரிய சண்டை நடந்தது. கம்பியூட்டர் வாங்குவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தால் வாங்கித் தருவதாக அப்பாவே வாக்குக் கொடுத்திருந்தார். நானும் எடுத்துக் காட்டிவிட்டேன். அதைக் கடையில் முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி வீட்டில் நானே பொருத்திப் பூட்டுவதா என்பதில்தான் சண்டை.

கடைக்காரர் காட்டிய முழுப் பெட்டியில் கடிதம் அடிக்கலாம், படம் பார்க்கலாம். நான் விரும்பிய விளையாட்டுகள் அதில் ஓடாது. அதே காசுக்குப் பாகங்களைப் பார்த்துப் பார்த்து வாங்கினால் நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போடலாம். விளையாடத்தான் கேட்கிறேன் என்பதை நான் மறைக்கவில்லை. "படிப்புக்கு" என்று கூசாமல் சொன்ன என் கூட்டாளிகளுக்கெல்லாம் சுலபமாகக் கிடைத்தது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

"கம்பியூட்டர்னா ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பில். யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டிடலாம்" என்றார் அப்பா. "நீ கேக்கிறது பெட்டி இல்ல. வயரும் தகடும். அதையெல்லாம் என்னன்னு சொல்றது?"

"யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அப்பா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தாளைப் பார்த்தார். எங்கள் மூவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதி, பொலிஸ் முத்திரை குத்திய தாள் அது. போர் மறுபடி மூண்டிருந்த காலம். மாத்தளையில் சண்டை இல்லை. ஆனால் தமிழ் வீடுகளில் சோதனை இருந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அப்படி நான்கு வீடுகள். அடுத்த ஒழுங்கையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த ஒருவரைப் போன வருடம் ஆமிக்காரர்கள் விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். மூன்று வாரத்தில் விட்டுவிட்டார்கள். வந்தவர் அதன் பிறகு ஒரு ரேடியோவையும் தொடவில்லை.

அப்பா வடக்கில் பிறந்தவர். அரசாங்க உத்தியோகம் கிடைத்து மாத்தளைக்கு வந்து, இந்த ஊர்க்காரியான அம்மாவைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர். பேச்சுகூட எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறியிருந்தது. பிறந்த இடம் மட்டும் அடையாள அட்டையில் மாறாமல் இருந்தது. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அவரிடம் பில் இருந்தது. டோர்ச் லைட்டுக்குக்கூட. எல்லாம் ஒரு நீல ஃபைலில் துளையிட்டுக் கோத்து, அலுமாரியின் மேல்தட்டில், கை எட்டும் இடத்தில் இருக்கும். அதை நான் கேலி செய்வேன்.

அம்மாவின் பயம் வேறு மாதிரி. "கேம்ல எல்லாம் சுடுவாங்கதானே? நம்ம வீட்டுக்குள்ள இருந்து வெடிச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டா என்னாகும்? கொஞ்சமாவது யோசிச்சியாடா?"

காரோட்டமும் கிரிக்கெட்டும் மட்டும்தான் விளையாடுவேன், அதுவும் ஹெட்போன் போட்டுத்தான் என்று சத்தியம் செய்தேன். செய்தபோதே, துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றின் சீடி என் கணிதக் கொப்பிக்குள் இருந்தது.

மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் நான். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "நாம என்ன களவா எடுத்தோம்? எதுக்கு இப்பிடிப் பயந்து சாகணும்? நீங்கதான் அப்பா, எல்லாத்துக்கும் நடுங்குறீங்க!"

அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "உனக்கென்ன விசரே? மெல்லக் கதை!" என்றார்.

விசர் என்றால் பைத்தியம்; அவர் பிறந்த ஊரின் பேச்சு அது. மிகவும் பயந்தால் மட்டும் வெளியே வரும். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அப்பா மேசையைத் துடைக்கச் சொன்னார். கடையில் கொடுத்த விலைப்பட்டியலில் இருந்து நான் வெட்டி வைத்திருந்த பாகங்களின் படங்களைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றை மேசையில் பரப்பி, எனக்கு எதிரே உட்கார்ந்தார். "நான் ஆமிக்காரன். நான் கேக்கிறதுக்கெல்லாம் சிங்களத்துல பதில் சொல்லு. சரியாச் சொன்னா வாங்கித் தாரேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. ஒரு படத்தை விரலால் தட்டினார்.

"மே மொகக்த?" இது என்ன?

கிரிக்கெட் மைதானத்தில் பொறுக்கிய சிங்களத்தில் நான் விளக்கத் தொடங்கினேன். அது எப்படி வேலை செய்கிறது, எது நல்லது, எது மட்டம் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அப்பா படங்களைச் சேர்த்து எடுத்தார்.

"ஃபெயில். கேட்டது பேரை மட்டும். நீ இவ்வளவு சொன்னா, இவ்வளவு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. கையை மேசையில விரிச்சு வை. சிரிக்காத. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால மரியாதையா 'சேர்'னு போடு."

இரண்டாவது ஞாயிறு கேள்விகள் கடுமையாகின. ஏன் முழுசாக வாங்கவில்லை? யார் பழக்கினார்கள்? இந்தக் கம்பி எங்கே போகிறது? எதற்கு இது? படிப்புக்கு, சேர். பொய் சொல்கிறாயா? திடீரென்று அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். கிளாஸ் உருண்டு விழுந்தது. நான் பதிலுக்குக் குரலை உயர்த்தினேன். அதற்கும் ஃபெயில். குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "போதுங்க, விடுங்க" என்றார். அப்பா விடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் போனதும் அவர் முகம் மாறிவிடும். குரலும் கண்ணும் மாறிவிடும். நான் பேசும்போது என் கைகளையும் கண்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கேள்விகளை அவர் எங்கே படித்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கம்பியூட்டர்தான் பெரிதாக இருந்தது.

நான்காவது ஞாயிறு பாஸானேன். அப்பா எழுந்து என் தோளில் தட்டினார். அவர் கை ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகும் உடனே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவரக் கூடாது என்றார். சனிக்கிழமைக்கு ஒன்றாக நானும் அவரும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் வாங்கி வந்தோம். வழியில் இறக்கிச் சோதிக்கும் இடத்தில், கேட்பதற்கு முன்பே பில்லை நீட்டுவார். பையை நான் தூக்க அவர் ஒரு நாளும் விட்டதில்லை. கீழே போட்டு உடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்து அதற்கும் கோபப்பட்டேன். கம்பியூட்டரின் வெறும் கூடு முதலில் வந்தது. மின்சாரம் கொடுக்கும் பெட்டி, அந்தப் பவர் சப்ளை, கடைசியில் வந்தது. அதிலிருந்து மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக ஒரு கொத்து வயர் தொங்கும். வீட்டில் அது தனியாகக் கிடக்கும் நாள் குறைவாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு.

சனிக்கிழமை அது வந்தது. ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக எல்லாப் பாகங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முதல் திருகாணியை எடுத்தபோது ஒழுங்கையில் நாய்கள் குரைத்தன. பிறகு கதவு தட்டப்பட்டது.

நான்கு ஆமிக்காரர்களும் ஒரு பொலிஸ் அதிகாரியும் உள்ளே வந்தார்கள். அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார். எங்களை வரிசையாக நிற்கச் சொல்லி, நீல ஃபைலை எடுக்கப் போன அப்பாவையும் தடுத்துவிட்டு அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். அதிகாரி நேரே மேசைக்கு வந்தார். பவர் சப்ளையை வயர்க் கொத்தில் பிடித்துத் தூக்கினார்.

"மே மொகக்த?"

அதே கேள்வி. அதே சொற்கள். எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் உண்மை. ஒரு படி முன்னால் போய்க் கைகளை மேசையில் விரித்து வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"என்னுடையது, சேர்" என்றார் அப்பா சிங்களத்தில். "எல்லாம் என்னுடையது. பையனுக்கு ஒன்றும் தெரியாது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உன்னுடையது என்றால் இது என்ன?"

அப்பா அந்தப் பெட்டியைப் பார்த்தார். நான்கு ஞாயிறு அவர் கேட்டுக் கேட்டு நான் சொன்ன பெயர். என் கையையும் கண்ணையும் கவனித்தவர் காதைக் கொடுக்கவே இல்லை. "ரேம்" என்றார்.

அதிகாரி அதை வைத்துவிட்டு, கூட்டுக்குள் பூட்டும் சின்ன விசிறியை எடுத்தார். "இது?"

"மதர்போர்ட், சேர்."

அதிகாரிக்குக் கம்பியூட்டர் தெரியுமோ தெரியாதோ, தடுமாறுகிற மனிதனைத் தெரிந்திருந்தது. நான் வாயெடுத்தேன். பின்னால் நின்ற அம்மா என் கையைச் சதையோடு பிடித்துக் கிள்ளினார். கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்தேன். அதற்குள் அதிகாரி அப்பாவின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைச் சத்தமாக வாசித்தார். சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பவர் சப்ளையையும் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

ஜீப் சத்தம் அடங்கியதும் அம்மாவிடம் பாய்ந்தேன். "எனக்கு எல்லாம் தெரியும்மா! நான் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் என்னைய விடல?"

"உனக்குப் பதினாறு வயசு" என்றார் அம்மா. சேலையைச் சுற்றிக்கொண்டே பேசினார். "ஆம்பளப் பிள்ள. பதில் சரியாச் சொன்னாலும் கூட்டிட்டுப் போவாங்க, பிழையாச் சொன்னாலும் கூட்டிட்டுப் போவாங்க. அவரு எதுக்கு அப்பிடிச் சொன்னாருன்னு இன்னுமா வெளங்கல உனக்கு? நான் வர்ற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது."

நீல ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலர், கிராம சேவகர் வீட்டுக்கு ஓடினார். அவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது.

நான் தனியாக இருந்தேன். அப்பாவிடம் மேசையில் அடித்துக் கேட்பார்களா என்று நினைத்தேன். அவருடைய கைகள் எங்கே இருக்கும், எதைத் தப்பாகச் சொல்வார் என்றும் நினைத்தேன். கணிதக் கொப்பிக்குள் இருந்த சீடியை எடுத்து உடைத்து அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தேன். பாகங்களை அதனதன் பெட்டியில் போட்டு, கட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மத்தியானம் ஆயிற்று. பின்னேரமும் ஆயிற்று. எனக்கு ஒரு கம்பியூட்டரும் வேண்டாம் என்று சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். பொலிசில் கம்பியூட்டர் தெரிந்த ஒருவர் மாலையில்தான் வேலைக்கு வந்தாராம். சாமானைப் பார்த்துச் சிரித்தாராம். பில்லும் சரியாக இருந்ததால் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் காலையில் அவசரத்தில் மாறிப் பூட்டியபடியே இருந்தன. கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் பவர் சப்ளை.

முகம் கழுவி வந்து மேசையைப் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்க?"

"கட்டி வச்சிட்டேன். எனக்கு வேணாம்பா. கடைக்கே குடுத்திடுவோம்."

"கொண்டு வா" என்றார்.

கொண்டுவந்தேன். அவரே கட்டவிழ்த்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். பிறகு வழக்கமாக நான் உட்காரும் கதிரையில் போய் உட்கார்ந்தார். எதிரே இருந்த தன் கதிரையைக் காட்டினார். நான் அதில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தார்.

"திரும்பவும் வருவாங்கள், தம்பி" என்றார். பயந்தால் மட்டும் வரும் அவர் ஊர்ப் பேச்சு திரும்பியிருந்தது. "நீ பூட்டு. ஆனா முதல்ல எனக்குப் பழக்கு. ஒவ்வொண்டாக் கேள்."

பவர் சப்ளையைத் தூக்கிப் பிடித்தேன்.

"மே மொகக்த?"

"பவர் சப்ளை, சேர்" என்றார் என் அப்பா.

சரி என்று தலையாட்டிவிட்டு, விசிறியை எடுத்தேன்.