லேத்துக்கு முதல் சுவிட்ச்

லேத்து வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சண்டைகூடப் போடவில்லை. "ம்" என்றார். கல்யாணமானதிலிருந்து எதைக் கேட்டாலும் அந்த ஒரு "ம்"தான். அதற்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். நான் ஒரு மிஷன் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அவர் அதே பள்ளியில் டிராயிங் மாஸ்டர். லேத்தில் பித்தளையைக் கடைந்து, கையகலத்துக்கு ஒரு நீராவி எஞ்சின் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆசைக்கு என்ன காரணம் சொல்வது?

மேலூர்ப் பக்கம் குவாரி மெஷின்களுக்குப் பட்டறை வைத்திருந்த ஒருவர் தன் பழைய லேத்தை விற்பதாகத் தெரிந்து, இரண்டு பேரும் போனோம். பட்டறைக்காரர் என்னைத் தாண்டி என் கணவரிடம்தான் பேசினார்.

"சார் பட்டறை போடப் போறீகளா?"

"எனக்கில்ல. அவுகளுக்குத்தேன்" என்று இவர் என்னைக் காட்டினார்.

பட்டறைக்காரர் என் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "சேலையோட இதுக்கிட்டயே போகக் கூடாது டீச்சர். முந்தானைய இழுத்துச்சுன்னா ஆளையும் சேத்து இழுத்துப்புடும்" என்றார். அது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. லேத்து என்றால் துணியை இழுக்கும், அதுதான் ஆபத்து என்றே நினைத்துக்கொண்டேன்.

கீழக்குயில்குடி போகிற ரோட்டில் எங்கள் வீடு. கார் நிறுத்துகிற இடத்தில் லேத்தை இறக்கி வைத்தார்கள். வண்டியில் ஆடும் என்று அதன் சக் என்ற பாகத்தைக் கழற்றித் தனியாகச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார் பட்டறைக்காரர். சக் என்பது முன்னால் உருண்டையாக இருக்கும் தலை. நாம் கடைய வேண்டிய இரும்பை அதுதான் கவ்விக்கொண்டு சுற்றும். ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும். மூச்சுப் பிடித்துத் தூக்கி, பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி நானே அதைத் திருகி மாட்டினேன். ஓட ஓடத் தானாகவே இறுகிக்கொள்ளும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். எனக்கு ஒரே பெருமை. கையைத் துடைக்காமலேயே காபி குடித்தேன்.

அன்றைக்கு நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து வயரை எல்லாம் மாட்டினார். "ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போயிர்றேன்க்கா. எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு பாக்கணும்" என்றார்.

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதல் சுவிட்ச் இவர்தான் போட வேண்டும். பிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் இவர் கைபட்டு ஓடியவை. ஒன்றும் மக்கர் செய்ததில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவள் கைராசி பார்க்கலாமா என்று என் அக்கா கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

"நீங்க போடாதீங்க தம்பி. சாருதான் மொதல்ல போடணும். அவரு சாயங்காலம் வந்துருவாரு."

"அப்பச் சரிக்கா. ஏதாச்சும்னா போன் போடுங்க, வாரேன்" என்று அவர் போய்விட்டார்.

மூன்று வயரில் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது எனக்குத் தெரியாத விஷயமா? எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக வேண்டிய சக் கழன்றுகொள்ளும் என்பதை யோசிக்க எனக்குப் பெரிய மூளையா வேண்டும்? அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவே இல்லை.

சாயங்காலம் பள்ளி விட்டு இவர் வந்தார். வாட்சைக் கழற்றச் சொன்னேன். சட்டையின் கை தொங்குகிறது, மடித்து விடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் செய்தார். ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு, "போடுங்க" என்றேன். அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

லேத்தின் தலை மறுபக்கமாகச் சுற்றுவதைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் சக் கழன்றுவிட்டது. விலக வேண்டிய மனிதர், கீழே விழுகிற சோற்றுப் பானையைப் பிடிக்கிற மாதிரி, கையை நீட்டி அதைப் பிடித்தார். அது அவர் வலது கையை, லேத்தில் அதற்குக் கீழே நீண்டிருந்த இரும்புப் படுகையில் வைத்து நசுக்கிவிட்டுக் கீழே விழுந்து உருண்டது. அவர் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்புப் பொத்தானை எப்படி அமுக்கினேன், துண்டை எங்கே எடுத்தேன், ஆட்டோவை யார் கூப்பிட்டது, ஒன்றும் எனக்குச் சரியாக நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மோதிர விரல், சுண்டுவிரல் இரண்டிலும் மேல் கணுவை எடுத்தாக வேண்டும் என்றார். இவர் சுண்டுவிரலைத் தாளில் ஊன்றித்தான் கோடு இழுப்பார். அந்த விரல் நகர்ந்தால் கோடு நகரும்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரிடம் போனேன்.

"அது ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"எதுங்க?"

"அந்த உருண்டை. நீ அம்புட்டு நாளாத் தேடி வாங்குனது."

"அதுக்காகவா கைய விட்டீங்க?"

"விழுந்தா ஒடஞ்சுபோகும்ல. நீ அழுவ" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அதற்குள் அவரை உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். லைட்டைப் போட்டால் சக் தரையில் கிடந்தது. அவர் பிடித்தும் அது விழத்தான் செய்திருந்தது. விழுந்த இடத்தில் சிமெண்டு பெயர்ந்து ஒரு குழி. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். காய்ந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இரும்புக்கு என்ன ஆகும்? மாடியிலிருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது. பாவி மனுஷா, இதையா பிடித்தாய் என்று அந்தத் தரையிலேயே உட்கார்ந்து கத்தி அழுதேன்.

திரும்பிப் போனபோது அவர் முழித்திருந்தார். கையில் கட்டு பெரிதாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். ஒரு கீறல்கூட இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்ல வேள, புடிச்சேன்" என்றார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். "ஆமாங்க, நீங்க புடிச்சதாலதான்" என்றேன்.