ஒரு கேபிளுக்கு வாழ்க்கைப்பட்ட கதை

எடை மேடையையும் கணினியையும் பேச வைப்பது என் தொழில். இரண்டும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும்வரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் வராது. மலேசியாவின் ஜொகூரில் சில செம்பனை எண்ணெய் ஆலைகளில், பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைகள் எங்கள் பராமரிப்பில் இருக்கின்றன. மேடைக்குப் பழைய காலத்து சீரியல் வாய். கணினிக்கு யூ.எஸ்.பி. வாய். நடுவில் ஒரு கேபிள். அந்தக் கேபிளுக்கு நான்.

வீட்டில் பிரிண்டர் ஓடவில்லை என்றால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? மாமனார் கைப்பேசியில் எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டால் உங்கள் தலையில்தான் விழுகிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். வாருங்கள், சேர்ந்து அழலாம்.

பெட்டியோடு வந்த வினை

எங்கள் முதலாளி மெய்யப்பன், செட்டிநாட்டு வியாபாரக் குடும்பம். நாங்கள் அண்ணன் என்போம். ஒருநாள் ஒரு பெட்டி நிறைய யூ.எஸ்.பி. கேபிள்களை எங்கோ சல்லிசாக வாங்கி வந்து மேசையில் வைத்தார். மேலே நல்ல கம்பெனி சிப் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது அதன் போலி. எங்கள் லினக்ஸ் கணினிகளுக்கு அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் உண்டு. சொருகிய சாமான்களையெல்லாம் கட்டி மேய்ப்பது அதுதான். கேபிளைச் சொருகியதும் அது ஒரு கேள்வி கேட்கும். அசல் சிப் பதில் சொல்லும். போலி திருதிருவென்று விழிக்கும். கெர்னல் கதவைச் சாத்திவிடும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் பிரிவில் யாரோ நல்ல மனிதர் சொன்னார். என் வாய் சும்மா இருந்ததா? "வேண்டாம், அந்தக் கேள்வியையே கேட்காதபடி கெர்னலில் ஒரு பேட்ச் போட்டுவிடுகிறேன்" என்றேன். சட்டைக் கிழிசலில் துணி வைத்துத் தைக்கிற வேலைதான். சாயங்காலத்துக்குள் ஓடிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். எல்லா ஆலைக்கும் அந்தக் கேபிளே போயிற்று.

கெர்னலுக்கு அடிக்கடி புதுப் பதிப்பு வரும் என்பதை அந்தக் கைதட்டலில் மறந்துவிட்டேன். ஒவ்வொன்றும் புதுச் சட்டை. என் ஒட்டுத்துணி அதில் இருக்காது. நான்தான் மறுபடி உட்கார்ந்து தைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் கேமரன் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று மனைவி மாலதிக்குக் கொடுத்த வாக்கு இதனால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை காரில் ஏற்றிய பெட்டியை அப்படியே இறக்கினோம். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே அண்ணனிடம் போய், எல்லா ஆலைக்கும் நல்ல கேபிளாக மாற்றிவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"கேபிள மாத்துறதா? அதுக்கு ஒன்னைய மாத்துறது சல்லிசு தம்பி."

ரெங்கத்தில் மரியாதையாகக் கேட்டது

ரெங்கம் ஆலையில் எடைச்சீட்டு போடும் கிராணி லெட்சுமி அக்கா. கணினிக்குப் பக்கத்தில் சாமிப் படமும், அதற்குக் கீழே என் தொலைபேசி எண்ணும் ஒட்டி வைத்திருப்பார். நான் ஒருமுறை அங்கே பாதுகாப்பு பற்றி வகுப்பெடுத்தேன். வைரஸ், திருட்டு என்று பயமுறுத்தி, கணினி அப்டேட் கேட்டால் தட்டாமல் போடச் சொன்னேன். நம்முடைய கணினிகளில் கெர்னலை மட்டும் தொடாதபடி முதலில் பூட்டியிருக்க வேண்டும். வகுப்பெடுத்த உற்சாகத்தில் பூட்டாமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

குலை வரத்து அதிகமான நாளாகப் பார்த்து அக்கா அப்டேட் போட்டார். புதுக் கெர்னல் வந்தது, கேபிள் செத்தது, எடைத்திரை வெள்ளையாக நின்றது. நான் போய்ச் சேரும்போது லாரிகள் பெரிய சாலைவரை நின்றன. குலை காத்திருந்தால் எண்ணெய் கெடும். லாரிக்காரர்கள் காத்திருந்தால் வாய் கெடும். அத்தனை வசவுகளுக்கு நடுவில் குனிந்து நுழைந்து, எந்த முட்டாள் அப்டேட் போட்டது என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, கேட்டா எஸ் அமுக்குன்னு? அது மரியாதையா கேட்டுச்சு, நானும் அமுக்கிட்டேன் லா."

லாபிஸில் குலை திருடிய லாரி

ஓய்வாக இருக்கும்போது நம் போன்றவர்களுக்கு ஒரு வியாதி வரும்: பழைய நிரலைச் சுத்தம் செய்வது. என் பேட்சில் ஒரு வரி, கேபிளைத் திறந்ததும் கண் இமைக்கும் நேரம் சும்மா இருக்கச் சொன்னது. ஏன் அதை எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அழகாக இல்லை என்று தூக்கிவிட்டேன். சுத்தமான பேட்சை லாபிஸ் ஆலையில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன்.

அந்தப் போலி சிப்புக்குத் திறந்தவுடன் பேச வராது. வருகிற முதல் இலக்கத்தை விழுங்கிவிடும். குலையோடு மேடை ஏறிய லாரி இருபத்தோராயிரத்துச் சொச்சம் கிலோ. முன்னால் இருந்த இரண்டு போய் ஆயிரத்துச் சொச்சம் என்று பதிவானது. குலையைக் கொட்டிவிட்டு அதே லாரி காலியாக ஏறியபோது ஒன்பதாயிரம். காலி லாரியின் எடைக்கு முன்னால் நிற்பது சைபர் என்பதால், விழுங்கினாலும் எடை சரியாகவே வந்தது. ஆகக்கூடி, வரும்போது இளைத்திருந்த லாரி போகும்போது கொழுத்திருந்தது. என் மென்பொருள் வெட்கமே இல்லாமல் கழித்து, மைனஸ் போட்டுச் சீட்டு அச்சடித்தது. வாய் நிறைய ரொட்டியோடு ஓடி வந்தேன். லாரிக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நான் கொண்டாந்து எறக்கல, ஒங்க மில்லுலேர்ந்து கொலைய திருடிக்கிட்டுப் போறேன், அப்படித்தானே?"

கோத்தா திங்கிக்கு வந்த அசல்

என் அவஸ்தையைப் பார்த்து மனம் இரங்கியவர் கோத்தா திங்கி ஆலையின் மானேஜர் அஸ்மான் ஒருவர்தான். சிங்கப்பூர் போனபோது தன் செலவிலேயே அசல் கேபிள் ஒன்று வாங்கி வந்து, பிறந்தநாள் பரிசுபோல் என் கையில் கொடுத்தார். சொருகினோம். ஓடவில்லை. என் பேட்ச் எழுதப்பட்டது போலிகளுக்கு. வருவது எல்லாமே போலி என்று முடிவு கட்டி, கேள்வி கேட்டால்தான் வாய் திறக்கும் அசலையும் அதே மாதிரி நடத்தியது. நல்ல மனிதனை வாசலில் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவுகிற காவலாளி மாதிரி.

கடைசியில் அசலைக் கழற்றிவிட்டு மறுபடி போலியைச் சொருகினேன். உடனே ஓடியது. அசலுக்குமா ஆகாது என்று அஸ்மான் மலாயில் கேட்டது இன்னமும் காதில் நிற்கிறது:

"அலமாக், ஒரிஜினல் பூன் தாக் போலே கா?"

லாபிஸ் என்றால் என்ன?

அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என் பேட்சை அவர்கள் ஏற்று மூலத்திலேயே சேர்த்துவிட்டால், இனி வரும் ஒவ்வொரு சட்டையும் ஒட்டுத்துணியோடே பிறக்கும். எனக்கு விடுதலை. மாலதிக்குக் கேமரன். அசலையும் போலியையும் பிரித்துப் பார்க்கும்படி பேட்சைத் திருத்தி, மின்னஞ்சலில் அனுப்பினேன்.

முதல் தடவை, என் மின்னஞ்சல் செயலி நிரலின் இடைவெளிகளையெல்லாம் குதறியிருந்ததால் திரும்பி வந்தது. அடுத்த தடவை, நிரலுக்குள் நான் ஆங்கில எழுத்தில் தமிழில் புலம்பியிருந்ததை நீக்கச் சொன்னார்கள். பிறகு, நான் மறுபடி சேர்த்திருந்த அந்தச் சும்மா இருக்கும் வரிக்குக் காரணம் கேட்டார்கள். லாபிஸில் அது இருந்தால் ஓடுகிறது என்று உண்மையை எழுதினேன். ஐரோப்பாவில் எங்கோ இருக்கும், கெர்னலின் கேபிள் பகுதிக்குத் தலைவரானவரிடமிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது:

"'லாபிஸில் ஓடுகிறது' என்பது விளக்கம் ஆகாது. லாபிஸ் என்றால் என்ன?"

தாப்பாவில் ஒரு தே தாரிக்

அவருக்கு லாபிஸையும் செம்பனைக் குலையையும் மைனஸ் லாரியையும் பொறுமையாக விளக்கினேன். ஒருவழியாகப் பேட்ச் சேர்ந்தது. உலகத்து லினக்ஸ் கணினிகள் அத்தனைக்கும் போகும் நிரலில் என் பெயர்! திரையை மாலதியிடம் காட்டினேன், அவள் என் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பார்த்து, "அப்ப எப்பக் கெளம்புறோம்?" என்றாள். புதுக் கெர்னல் எங்கள் ஆலைகளுக்கும் வந்தது. லெட்சுமி அக்காவைத் துணிந்து எஸ் அமுக்கச் சொன்னேன். எடை ஓடியது. லேப்டாப்பை வீட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாக்குக் கொடுத்தபடி வெறுங்கையோடு கிளம்பினேன்.

தாப்பாவில் மலை ஏறுவதற்கு முன் தே தாரிக் குடிக்க நிறுத்தினோம். மாலதி கை கழுவப் போன நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தலைவர் எழுதியிருந்தார்: இந்தப் போலி சிப் கையில் இருப்பவர் எங்களுக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான், அந்தப் பகுதியை இப்போது மாற்றி எழுதுகிறோம், இனி ஒவ்வொரு பதிப்பையும் வெளிவருமுன் நீங்கள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும், பொறுப்பாளராக உங்கள் பெயரைப் போட்டாயிற்று. அதற்குக் கீழே, முன்பின் தெரியாத யாரோ ஒருவர், தன் கோழிப்பண்ணைத் தராசு அதே கேபிளில் ஓடவில்லை என்று என்னைக் கேட்டிருந்தார்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தேன். மாலதி வந்து உட்கார்ந்தாள். என் முகத்தை ஒரு நொடி படித்தாள். பிறகு கார்ச் சாவியை என் பக்கம் தள்ளி, பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னாள். அவளுடைய பைக்குள் குளிருக்கு எடுத்த சால்வை. சால்வைக்குள் என் லேப்டாப். அதோடு அந்தப் பாழாய்ப்போன கேபிளும் ஒன்று. வெட்கமாகவும் இருந்தது, அவளை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பையை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"இது இல்லாம வந்தா மலை மேலயும் நீங்க இதத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, நான் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். காலையில அதுக்கு, மத்தியானத்துக்கு மேல எனக்கு. மீறினீங்க, லெட்சுமி அக்கா மாதிரி நானும் அப்டேட்டுக்கு எஸ் அமுக்கிருவேன்."

ஆக, ஒரு கேபிளிடமிருந்து தப்பிக்கப் போன நான், உலகத்தில் அந்தக் கேபிளை வாங்கி ஏமாந்த அத்தனை பேருக்கும் பொறுப்பாளனாகி, மத்தியானத்துக்கு மேல் மட்டும் கேமரன் மலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.