ஏழு பவுன் எனோக்

கெனார்த் அருவிக்கரை மாவு ஆலை ஹன்னா அம்மாளுக்கு எனோக் டேவிஸ் ஏழு பவுன் கடன்பட்டிருந்தான். அவளிடம் வாங்கிய ஒரு பழுப்புக் குதிரையின் விலை. குதிரை அவள் கண்ணெதிரிலேயே அவன் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது. காசுதான் ஒன்பது வருஷமாக வரவில்லை.

டெய்வி ஆற்றங்கரையில் டேவிஸ் என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பும். அதனால் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். ரொட்டி டேவிஸ், தபால் டேவிஸ். இவனுக்கு ஏழு பவுன் என்று விழுந்தது. கடலோரம் கார்டிகனில் சர்க்கரை மூட்டை ஏற்றும்போதும் அதே பெயர், ஆற்றின் மேல்பக்கக் கம்பளி ஆலைகளில் இறக்கும்போதும் அதே பெயர். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்திலும் அதேதான்.

பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்தது இரண்டே குளிர்காலம். ஆனால் லெக்ரிட் பாலம் வெள்ளத்தில் முங்கிக் கிடக்கையில், கைப்பிடிச் சுவர் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தே ஆழம் சொல்லிவிடுவான். அவனைப் போல வண்டி ஓட்டியவன் மலையிலிருந்து கடல்வரை ஒருத்தன் இருந்தால் எழுந்து வரட்டும். ஒரே ஒரு தடவை கணக்குத் தப்பி, பதினாறு கம்பளிப் பொதிகள் ஆற்றோடு போயின. அந்த நஷ்டத்தை அடைக்கவே ஆறு வருஷம் ஆயிற்று.

ஹன்னா அம்மாள் அரைப் பவுனாகக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பாள். எனோக்தான் ஒப்பவில்லை. "கொடுத்தா மொத்தமா கொடுப்பேன். பிச்சுப் பிச்சுக் கொடுக்க இதென்ன ரொட்டியா?" என்பான். வண்டிப் பலகையில் பெயர் எழுதவும் விடவில்லை. பட்டம் ஒழிந்த பிறகுதான் அதில் எனோக் டேவிஸ் என்று எழுதுவது என்று வைராக்கியம். பலகை மொட்டையாகவே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தானிய மூட்டைகளோடு ஊரே ஆலை வாசலில் நிற்கும் நேரமாகப் பார்த்து வந்து இறங்கினான்.

பரிசலைக் கவிழ்த்து அதன்மேல் சாய்ந்திருந்த மீன்காரன் டெய்லோ குரல் கொடுத்தான். "வழி விடுங்கப்பா, ஏழு பவுன் வருது!"

"ஆமாண்டா, நெசமாவே வருது. நீ புடிக்கிற மீன் மாதிரி வாய்ப்பேச்சுல மட்டும் இல்ல," என்றான் எனோக்.

சிரிப்பு அடங்கியதும் ஹன்னா அம்மாளின் கையில் ஏழு தங்கக் காசுகளையும் வைத்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பாத்துக்கம்மா. கடன் தீந்துச்சு."

"சரி, தீந்துச்சு. இனிமே இவர என்னன்னு கூப்பிடறது? பழைய கடன்காரன்னா?" என்றான் டெய்லோ.

எனோக்கின் முகம் செத்துவிட்டது. ஒன்பது வருஷக் கடன் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

ஹன்னா அம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்து, "கைய நீட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"அதிர்ஷ்டக் காசு."

குதிரையோ மாடோ விற்றவர், விலை கைக்கு வந்ததும் வாங்கியவனுக்கு ஒரு ஷில்லிங் திருப்பிக் கொடுத்தால்தான் எங்கள் பக்கத்தில் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். கடன் அடைக்கிறவனுக்கு அதை யாரும் கொடுப்பதில்லை.

"கடன் கடன்னு நீதாம்பா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நான் ஒரு குதிரை வித்தேன். வாங்குன ஆளு எனோக் டேவிஸ். பணம் இன்னிக்கு வந்துச்சு, அவ்வளவுதான். டெய்லோ, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா," என்றான் டெய்லோ. சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றியிருந்தான்.

எவரிடமும் கை நீட்டியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்த எனோக் உள்ளங்கையை விரித்தான். அம்மாளிடம் ஒரே காசாக ஷில்லிங் இல்லை போலிருக்கிறது. மாவு படிந்த விரல்களால் ஷில்லிங்குக்கு உண்டான பன்னிரண்டு பென்னிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தாள்.